நெருப்பும் அடுப்பும்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேஜை மேலேயே கிடக்கிறது. எழுதியவர் இளைஞர், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என் நாவல் ஒன்றில் வயதான வக்கீல் ஒருவர் வருகிறார். கண்ணெதிரே நடக்கும் ஓர் அநியாயத்தைத் தட்டிக் கேட்கப் புறப்பட்டவர்களை அவர், "முறைப்படி செய்யுங்கள், அப்பா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். அந்த இடம் இந்த இளைஞருக்குப் பிடிக்கவில்லை. "மனச்சாட்சி சுத்தமாக இருக்கிறவனுக்குச் சட்டம் எதற்கு, முறை எதற்கு? உண்மையை அறிந்தவன் யாரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும்? அந்தக் கிழவரை நல்லவராகக் காட்டியது உங்களுடைய கோழைத்தனம்" என்று எழுதியிருக்கிறார்.

கோழைத்தனம் என்ற சொல் கொஞ்சம் சுட்டது. சுட்டதனால்தான் பதில் எழுதாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். இரண்டு வரியில் ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஆனால் கேள்வி சாமானியமானதல்ல. முந்நூறு, நானூறு வருஷங்களாக மகா மேதைகளும், மகா பக்தர்களும், மகா பாவிகளும் ரத்தம் சிந்திக் கேட்ட கேள்வி அது. ஆகையால் இந்தப் பக்கங்களிலேயே பதில் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். கல்லூரியில் இண்டர்மீடியட் வரையில் போய், பிறகு கதை எழுத வந்துவிட்டவன். சரித்திரத்தையும் நான் கதை படிக்கிற மாதிரிதான் படிக்கிறேன்: தேதியை விட ஆளைப் பார்க்கிறேன், அவன் செய்ததை விட, செய்வதற்கு முன் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொண்டான் என்று பார்க்கிறேன்.

முதலில் ஆலிவர் கிராம்வெல்லை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கிராமப்புறத்துக் கனவான். நடு வயதில் மன வேதனைப்பட்டு, பைபிளில் ஆறுதல் கண்டு, கடவுள் தன்னைக் கைப்பிடித்து நடத்துகிறார் என்று நம்பியவர். மன்னன் முதலாம் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் 1642-ல் யுத்தம் மூண்டபோது, தம்மைப் போன்ற பக்திமான்களையே படையில் சேர்த்தார். சம்பளத்துக்குச் சண்டை போடுகிறவனை விட, நம்பிக்கைக்காகச் சண்டை போடுகிறவன் ஓட மாட்டான் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரியாகவே இருந்தது. மன்னன் தோற்றான்.

இந்தப் படையில்தான் ஓர் அதிசயம் நடந்தது. 1647-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில், லண்டனுக்கு அருகே பட்னி என்ற இடத்தில் இருந்த மாதா கோவிலில் தளபதிகளும் சாதாரணச் சிப்பாய்களும் ஒன்றாக உட்கார்ந்து, இனி நாட்டை யார் ஆள்வது என்று வாதம் செய்தார்கள். ரெயின்ஸ்பரோ என்ற கர்னல் எழுந்து, இந்த நாட்டில் மிக ஏழையாக இருக்கிறவனுக்கும் மிகப் பெரியவனைப் போலவே வாழ ஓர் உயிர் இருக்கிறது, ஆகவே தன் சம்மதமில்லாத ஆட்சிக்கு அவன் கட்டுப்பட்டவனல்லன் என்ற பொருள்படப் பேசினார். கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன், நிலம் நீச்சு இல்லாதவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் சொத்து என்பதே மிஞ்சாது என்று எதிர்த்தார். கிளார்க் என்ற காரியதரிசி அத்தனையையும் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்தார். அந்தக் குறிப்புகள் ஆக்ஸ்போர்டுக் கல்லூரி ஒன்றின் புஸ்தக அறையில் நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில்தான் அச்சேறின. கடவுளுக்கு முன் எல்லா ஆத்மாவும் சமம் என்று பிரசங்கத்தில் கேட்டவன், அப்படியானால் ஓட்டுப் பெட்டிக்கு முன்னும் சமம்தானே என்று கேட்காமல் இருப்பானா? மதத்தில் பற்றிய நெருப்பு அரசியலுக்குத் தாவியது இப்படித்தான்.

1649-ம் வருஷம் ஜனவரி 30-ம் தேதி மன்னன் தலை விழுந்தது. மரண உத்தரவில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். கிராம்வெல் அவர்களில் ஒருவர். விசாரணைக்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்று தோன்றிய பார்லிமெண்டு அங்கத்தினர்களை, முந்தைய மாதமே சிப்பாய்கள் வாசலில் நின்று வடிகட்டி அனுப்பிவிட்டார்கள். எந்த அதிகாரத்தின் பேரில் என்னை விசாரிக்கிறீர்கள் என்று மன்னன் கேட்டான். அவன் நல்ல மன்னன் அல்லன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் நல்ல பதில் இல்லை.

அடுத்த வருஷம் ஸ்காட்லாந்துக்காரர்கள் கொல்லப்பட்ட மன்னனின் மகனை ஆதரித்தார்கள். அவர்களும் பக்திமான்கள்தாம். கடவுள் தங்கள் பக்கம் என்று அவர்களுக்கும் சந்தேகமில்லை. 1650 ஆகஸ்ட் 3-ந் தேதி அவர்களுடைய சபைக்குக் கிராம்வெல் ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் தவறாகவும் இருக்கக் கூடும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள் என்று கிறிஸ்துவின் பெயரால் மன்றாடினார். மனிதன் மனிதனுக்கு எழுதிய கடிதங்களில் இதை விடப் பெரிய வார்த்தை அதிகம் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 3-ந் தேதி, டன்பார் என்ற இடத்தில் அவர்களைச் சிதற அடித்தார். வெற்றியைக் கடவுளின் தீர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் கதை எழுதுகிறவன் நின்று யோசிக்கிறான். ஸ்காட்லாந்துக்காரர்களிடம் அப்படிக் கேட்டவர், தம்மிடமே அந்தக் கேள்வியைக் கேட்டாரா? முந்தைய வருஷம் அயர்லாந்தில், டிராகெடா என்ற ஊரில், சரணடைந்தவர்களைக்கூட விடாமல் அவருடைய படை வெட்டித் தள்ளியிருந்தது. அதையும் கடவுளின் தீர்ப்பு என்றுதான் எழுதினார். எந்த மனிதனின் மனச்சாட்சியிலும் நான் தலையிடுவதில்லை. ஆனால் கத்தோலிக்கப் பூசை நடத்த மட்டும் விட மாட்டேன் என்று இன்னோர் ஊர்க்காரர்களுக்குப் பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மனப்பூர்வமாகவே சொன்னார். அதுதான் பயங்கரம். 1653-ல் பார்லிமெண்டையே சிப்பாய்களைக் கொண்டு வெளியேற்றிவிட்டு, பக்திமான்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, சுமார் 140 பேர் கொண்ட சபை ஒன்றை அமைத்தார். நல்லவர்கள் மட்டுமே உட்கார்ந்த அந்தச் சபை ஐந்து மாதத்தில் கலைந்தது. ஒவ்வொருவருக்கும் கடவுள் வெவ்வேறு விதமாகப் பேசினார் போலும்! அதற்குப் பிறகு எழுதப்பட்ட ஓர் அரசியல் சாசனத்தின் கீழ் கிராம்வெல் நாட்டின் காவலரானார். ஆனால் காவலருக்குக் காவல் யார்? பட்டாளம்தான்.

அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டுவோம். ஸேலம் என்று ஓர் ஊர். நம் மாம்பழச் சேலம் அல்ல, மாசசூஸெட்ஸில் உள்ளது. கிராம்வெல்லின் மதப் பிரிவைச் சேர்ந்தவர்களே அங்கே குடியேறியிருந்தார்கள். அவர்களுக்கு இருந்த பழைய அரச சாசனம் 1684-ல் ரத்தாகிவிட்டது. புதிய சாசனத்தோடு கவர்னர் வந்து சேர்ந்தது 1692 மே மாதத்தில். நிலைத்த சட்டம் இல்லாமல் ஊர் தத்தளித்த அந்தக் காலத்தின் முடிவில், சில சிறுமிகள் துடிதுடித்து விழ ஆரம்பித்தார்கள். இன்னார் உருவம் ஆவியாக வந்து எங்களைக் கிள்ளுகிறது, நெரிக்கிறது என்று கைகாட்டினார்கள். புதிய கவர்னர் ஒரு விசேஷ நீதிமன்றத்தை அமைத்தார். ஆவி வந்து கிள்ளியது என்பதையும் அந்த நீதிபதிகள் சாட்சியமாக ஏற்றார்கள்.

ரெபெக்கா நர்ஸ் என்று ஒரு பாட்டி. வயது 71. குற்றமில்லை என்றுதான் ஜூரிகள் முதலில் சொன்னார்கள். நீதிமன்றத்தில் கூச்சல் எழுந்தது. மறுபடி யோசியுங்கள் என்று நீதிபதிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். யோசித்துவிட்டு வந்து, குற்றவாளி என்றார்கள். ஜூலை மாதம் தூக்கிலிட்டார்கள். இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஆமாம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டவர்களை அந்த நீதிமன்றம் தூக்கிலிடவில்லை, மறுத்தவர்களைத்தான் தூக்கிலிட்டது. ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தக் கிழவி பிழைத்திருப்பாள். சொல்லவில்லை. அந்த வருஷம் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். வாயைத் திறக்க மறுத்த ஒரு கிழவரை மார்பில் கல்லடுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் வேறு.

அந்த நீதிபதிகள் லஞ்சம் வாங்கினவர்களல்லர். குடித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னவர்களுமல்லர். கடிதம் எழுதிய நண்பரின் அளவுகோலால் அளந்தால், மனச்சாட்சி சுத்தமானவர்கள்.

அவர்களில் ஒருவர் ஸாமுவேல் ஸூவல். நாலரை வருஷம் கழித்து, 1697 ஜனவரி 14-ந் தேதி, குடியேற்றம் முழுவதும் உபவாசம் இருந்த நாளில், பாஸ்டன் நகரத்து ஆலயத்தில் பாதிரியாரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். பாதிரியார் அதை உரக்கப் படித்தார். அந்த நீதிமன்றத்தின் குற்றத்தையும் அவமானத்தையும் நான் ஏற்கிறேன், கடவுளும் மனிதரும் என்னை மன்னிக்க வேண்டும் என்பது அதன் சாரம். படித்து முடிகிற வரையில் ஸூவல் தம் இடத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் தலை குனிந்தார். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன் கடைசிவரையில் அப்படி எதுவும் செய்யவில்லை. ஊர் முழுவதும் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சில நிமிஷங்கள் நிற்பதற்கு ஸூவலுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஏன் அடிக்கடி நினைக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பக்தி என்பதே ஆபத்து, உணர்ச்சியே விஷம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நான் வரவில்லை. அடுத்த தலைமுறையில் அதே அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒரு பெரிய மத எழுச்சி நடந்தது. ஜார்ஜ் விட்பீல்டு என்ற ஆங்கிலேயப் பிரசங்கி 1739-ல் பிலடெல்பியா நகரத்துக்கு வந்தார். கோவில்களில் இடம் கொடுக்க மறுத்தால் வயலில் நின்று பேசுவார். ஜனங்கள் அழுதார்கள், கதறினார்கள், மனம் மாறினார்கள். அந்த ஊரில் அச்சாபீஸ் வைத்திருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அதிகம் நம்பிக்கையில்லாத பேர்வழி. விட்பீல்டு தெருவில் பேசிக்கொண்டிருக்கும்போது, குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பின்னாலேயே நடந்து பார்த்து, ஓர் ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கிட்டு, 30,000 பேருக்கு மேல் கேட்கலாம் என்று முடிவு கட்டினாராம்! இன்னொரு நாள், அநாதை விடுதிக்கு வசூல் செய்யப் போகிறார் என்று தெரிந்து, ஒரு காசும் கொடுப்பதில்லை என்ற தீர்மானத்தோடு போய் உட்கார்ந்தார். பேச்சைக் கேட்கக் கேட்க, செப்புக் காசை மட்டும் போடலாம் என்று இளகினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெள்ளியையும். முடிவில் பையில் இருந்த தங்கத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டார். தம் வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். நம்பிக்கையில்லாதவனின் சட்டைப் பையையும் காலி செய்கிற சக்தி அந்த எழுச்சிக்கு இருந்தது.

அதற்கு வேறொரு பலனும் உண்டு. உன் ஆத்மாவுக்கு நீதான் பொறுப்பு, பட்டம் பெற்ற பாதிரியார் அல்ல என்று கேட்ட குடியானவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வர்ஜீனியாவில் அரசாங்க மதத்தைச் சேராத பாப்டிஸ்டுப் பிரசங்கிகள் லைசென்ஸ் இல்லாமல் பேசினதற்காகச் சிறைக்குப் போனார்கள். சிறை ஜன்னல் வழியாகவே பிரசங்கம் செய்தார்கள். 1774-ல் பக்கத்து ஜில்லாவில் ஐந்தாறு பேர் இப்படிச் சிறையில் கிடப்பதை, ஜேம்ஸ் மாடிஸன் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் தம் நண்பருக்குக் கொதிப்போடு எழுதினார். மாடிஸன் பாப்டிஸ்டு அல்லர். இருந்தும் அவர்களுக்காகக் கொதித்தார். ஜெபர்ஸன் எழுதிய மத சுதந்திரச் சட்டத்தை 1786-ல் வர்ஜீனியாவில் நிறைவேற்றி வைத்தவர் அவரே. அதற்காக மனுப் போட்டவர்களில் பெருங்கூட்டம் பாப்டிஸ்டுகளும் பிரஸ்பிடேரியன்களும். சந்தேகவாதி ஜெபர்ஸனும் பரம பக்தர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்! ஒருவருக்கு, அரசாங்கத்தை மதத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். மற்றவருக்கு, மதத்தை அரசாங்கத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். சுவர் ஒன்றுதான்.

இப்போது 1787-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதிக்கு வருவோம். நான்கு மாத காலம் கதவைச் சாத்திக்கொண்டு, பிலடெல்பியாவில் 55 பேர் சண்டை போட்டுப் போட்டு ஓர் அரசியல் சாசனத்தைத் தயாரித்திருந்தார்கள். கையெழுத்திடும் நாள். பிராங்க்ளினுக்கு அப்போது வயது 81. நின்று பேச முடியவில்லை. எழுதி வைத்திருந்ததை நண்பர் ஒருவர் படித்தார். இதில் எனக்குப் பிடிக்காத அம்சங்கள் இருக்கின்றன. ஆனால் நான் நீண்ட காலம் வாழ்ந்தவன். உறுதியாக நம்பிய பல விஷயங்களில் பிற்பாடு என் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்திருக்கிறது. ஆகவே என்னோடு சேர்ந்து ஒவ்வொருவரும் தாம் பிழையே செய்யாதவர் என்பதில் சற்றே சந்தேகம் கொண்டு கையெழுத்திட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 39 பேர் கையெழுத்திட்டார்கள்.

கிராம்வெல் 137 வருஷத்துக்கு முன் எதிரியைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை, பிராங்க்ளின் தம்மைப் பார்த்தும், தம் கட்சியைப் பார்த்தும் சொல்லிக்கொண்டார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் அரசியல் சாசனம் என்கிற வஸ்துவே அடங்கியிருக்கிறது. ஆட்சியாளன் தவறு செய்யலாம் என்றுதான் அவனுக்கு மேல் சபை இருக்கிறது. சபை தவறு செய்யலாம் என்றுதான் நீதிமன்றம் இருக்கிறது. நாங்கள் எல்லோருமே தவறு செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, இதைத் திருத்துவதற்கான வழியையும் இதற்குள்ளேயே எழுதி வைத்தார்கள். வேத புஸ்தகங்களில் அப்படி ஓர் அத்தியாயம் இராது. மனிதன் எழுதியது என்று தெரிந்தே எழுதிய புஸ்தகத்தில்தான் இருக்க முடியும். 1791-ல் முதல் பத்துத் திருத்தங்கள் வந்தன. இன்றைக்கு 27 ஆகியிருக்கின்றன.

அதே சமயத்தில் பிரான்ஸில் என்ன நடந்தது? ராபஸ்பியர் என்ற இளம் வக்கீல். காசுக்கு மயங்காதவர். 1791 மே மாதத்தில் மரண தண்டனையையே ஒழிக்க வேண்டும் என்று சபையில் வாதாடியவர். அடுத்த வருஷம் டிசம்பரில், மன்னன் பதினாறாம் லூயியை விசாரிக்கவே கூடாது, நேராகக் கொல்ல வேண்டும் என்று அவரே பேசினார். விசாரணை என்று வைத்தால், அவன் நிரபராதியாகவும் இருக்கலாம் என்று ஆகும். அவன் நிரபராதி என்றால் புரட்சி குற்றவாளி என்று ஆகும் என்பது அவர் தர்க்கம். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை! 1793-ல் ஓர் அழகான அரசியல் சாசனம் எழுதி, ஜனங்களின் சம்மதமும் பெற்று, சமாதானம் வரும் வரை அமலுக்கு வராது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1794 ஜூன் 8-ந் தேதி ராபஸ்பியர் பரம்பொருளுக்கு மாபெரும் திருவிழா எடுத்தார். இரண்டே நாளில் ஒரு சட்டம் வந்தது: குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் கிடையாது, விடுதலை அல்லது மரணம், நடுவில் ஒன்றும் கிடையாது, ஜூரியின் மனச்சாட்சி திருப்தியடைந்தால் போதும். கவனியுங்கள்: ஜூரியின் மனச்சாட்சி! ஏழு வாரத்தில் பாரிஸ் நகரத்தில் மட்டும் 1,000 பேருக்கு மேல் தலை உருண்டது. ஜூலை 28-ந் தேதி ராபஸ்பியரின் தலையும் உருண்டது. சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்திருந்தபடியால் அவருக்கு விசாரணை இல்லை. ஆள் அவர்தானா என்று அடையாளம் மட்டும் பார்த்தார்கள். தாம் இடித்துத் தள்ளிய வேலிக்கு உள்ளே ஒதுங்க அவருக்கும் ஒரு நாள் தேவை வந்தது. வேலிதான் இல்லை.

"ஆகையால் முறைதான் பெரிது, உணர்ச்சி சிறிது என்கிறீரா?" என்று நண்பர் கேட்பார். இல்லை. பிலடெல்பியாவில் உட்கார்ந்தவர்களின் அந்த அடக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த அறையில் இல்லை. நீக்ரோ அடிமைகளைப் பற்றி நிதானமாகச் சந்தேகப்பட்டார்கள். நிதானமாகச் சமரசம் செய்துகொண்டார்கள். பிரதிநிதிகளைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்றும், அடிமை இறக்குமதியை 1808 வரை தடுப்பதில்லை என்றும் எழுதினார்கள். தான் தவறாக இருக்கலாம் என்பது எவ்வளவு உயர்ந்த வார்த்தையோ, அநியாயத்தின் எதிரே வாயை மூடிக்கொள்வதற்கும் அவ்வளவு வசதியான வார்த்தை. சாட்டையடி படுகிறவனிடம் போய், அடிக்கிறவன் பக்கமும் நியாயம் இருக்கலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

அங்கே நெருப்பு வேறு இடத்திலிருந்துதான் வந்தது. குவேக்கர் என்ற சிறிய மதக் கூட்டத்தார், அடிமை வைத்திருப்பது பாவம் என்று ஒரே பிடியாக நின்றார்கள். சாகும் தறுவாயில் பிராங்க்ளினும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஒரு காலத்தில் அவரே அடிமைகளை வைத்திருந்தவர். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்ததுண்டு. 1790 பிப்ரவரியில், அடிமை முறைக்கு எதிரான சங்கத்தின் தலைவர் என்ற முறையில், காங்கிரஸுக்கு ஒரு மனுவில் கையெழுத்திட்டார், ஏப்ரலில் இறந்தார். மனு பலிக்கவில்லை. 1865-ல் ஒரு பெரிய உள்நாட்டு யுத்தத்தின் முடிவில் பதின்மூன்றாவது திருத்தம் வந்து அடிமை முறையை ஒழித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்தர் விட்பீல்டு தம் அநாதை விடுதியை நடத்த அடிமைகளை வைத்துக்கொண்டார். தலை குனிந்து நின்ற ஸூவலோ, 1700-ம் வருஷத்தில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அந்த வட்டாரத்தில் அப்படி அச்சானவற்றில் அதுதான் முதலாவது. ஒரு முறை தாம் தவறியதை ஊரறிய ஒப்புக்கொண்டவருக்கு, ஊர் முழுவதும் சேர்ந்து செய்யும் தவறு கண்ணில் பட்டது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் பாட்டி விறகடுப்பில் சமைப்பாள். அடுப்பு இல்லாத நெருப்பு கூரையைத் தின்னும். நெருப்பு இல்லாத அடுப்பில் பூனைதான் படுத்துத் தூங்கும். மனச்சாட்சி நெருப்பு, சட்டம் அடுப்பு. சோறு வேக வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். இது புதிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனாலும் அடுப்பைக் கண்டால் நெருப்புக்குக் கோபம் வருகிறது. நெருப்பைக் கண்டால் அடுப்புக்குப் பயம் வருகிறது. மேலே நான் சொன்னது எல்லாம் அந்தக் கோபத்தின் கதையும் பயத்தின் கதையும்தான்.

இனி, கடைசியில் சொல்வதாகச் சொன்ன விஷயம்.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் ஊர் வாசகசாலைக்கு நான் காரியதரிசி. புஸ்தகங்களைப் பார்த்துக்கொள்ளவும் சந்தா வசூலிக்கவும் ஒரு பெரியவர் இருந்தார். சாயங்காலம் வந்து விளக்கேற்றி, பெருக்கி, இரவு பூட்டிவிட்டுப் போவார். ஒரு வருஷம் கணக்கில் சில நூறு ரூபாய் குறைந்தது. பெரியவர்தான் எடுத்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், தெரிந்தது. அப்போது நான் நியாயத்தைப் பற்றி நிறையக் கதை எழுதிக்கொண்டிருந்த காலம். பொதுப் பணத்தில் கை வைத்தவனுக்குத் தயவு காட்டக் கூடாது என்று கூட்டத்தில் ஆவேசமாகப் பேசினேன். ஊரில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அங்கத்தினர் மட்டும் மெள்ள எழுந்து, "அவர் சொல்வதையும் கேட்டுவிடலாமே, தம்பி" என்றார். "கேட்க என்ன இருக்கிறது, சார்?" என்றேன். கைதட்டினார்கள். அன்றே பெரியவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். பிறகு வெளியூரில் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்து, பைண்டு செய்து வந்திருந்த பழைய பத்திரிகைத் தொகுதி ஒன்றைப் புரட்டினபோது, உள்ளே மடித்த ரசீது ஒன்று இருந்தது. பைண்டருக்குக் கொடுத்த பணம். பெரியவர் கையெழுத்து, அடியில், ‘காரியதரிசி சொன்னபடி’ என்று ஒரு வரி. எனக்கு நினைவு வந்தது. ஒரு நாள் அவசரமாக வெளியே கிளம்பும்போது, "பைண்டருக்குக் கொடுத்துவிடுங்கள், ஐயா, நான் வந்து எழுதிக்கொள்கிறேன்" என்று சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளவில்லை. மறந்தே போனேன்.

மகள் ஊர் விலாசத்தை விசாரித்துக் கடிதம் எழுதினேன். "பரவாயில்லை, தம்பி. உங்களுக்கு ஞாபகம் வந்ததே போதும்" என்று ஒரு கார்டு வந்தது. நான் அதோடு விட்டுவிட்டேன். வாசகசாலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, திருடியவர் யாருமில்லை, மறந்தவன் நான் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். பெரியவர் இறந்துபோனார். எங்கள் ஊரில் அவர் பெயரை எடுத்தால் இன்றும், "அந்தச் சந்தாப் பணம்..." என்று இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய நண்பரே! என் நாவலில் வரும் அந்தக் கிழ வக்கீல் யார் என்று இப்போது தெரிந்திருக்கும். அன்றைக்கு அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நீட்டினால் நீதிமன்றம் ஆகிறது. இன்னும் நீட்டினால் அரசியல் சாசனம் ஆகிறது. அவரை நான் நல்லவராகக் காட்டியது கோழைத்தனத்தினால் அல்ல. நான் கோழையாக இருந்தது வேறோர் இடத்தில். ஸூவல் எழுந்து நின்றார்; நான் நிற்கவில்லை. அச்சில் வருகிற பக்கமும் ஒரு கூட்டம்தான் என்று நினைத்து, மிகவும் தாமதமாக, இங்கே நிற்கிறேன்.

உங்கள் கோபத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் வயதில் அது இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் யாராவது ஒருவர் மெள்ள எழுந்து, அவர் சொல்வதையும் கேட்டுவிடலாமே என்றால், கைதட்டல் ஓயும் வரையிலாவது காத்திருந்து, கேளுங்கள்.